கம்பம் வேண்டாதவர்

சத்தியமங்கலம் பக்கம், மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மூன்று ஏக்கர் வாங்கிக் குடியேறியவர்களில் ஒருவராவது இந்த வார்ப்பில் இருப்பார். வயது ஐம்பதை நெருங்கும். முன்பு பெங்களூரில் மென்பொருள். இப்போது கதர் வேட்டி. கைக்கடிகாரம் மட்டும் இதயத் துடிப்பையும் சேர்த்துச் சொல்லும். சுவரில் இயற்கை வேளாண்மை நம்மாழ்வார், அலமாரியில் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. நாம் வணக்கம் சொன்னால், “மின்வாரியம் இல்லை, பஞ்சாயத்துக் குழாய் இல்லை, ஒரு அதிகாரி என் வாசலை மிதிக்க வேண்டியதில்லை” என்று பதில் வணக்கம் வரும்.

அதிகாரி வரவேண்டியதில்லை என்பது உண்மைதான். இவர்தான் போகிறாரே! பட்டா மாறுதல், உட்பிரிவு, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. நகரத்தில் இருந்தவரை தாலுகா ஆபீஸ் எந்தத் தெருவில் என்றே அறியாத மனிதருக்கு, இன்று கிராம நிர்வாக அலுவலர் டீயில் சர்க்கரை எவ்வளவு போடுவார் என்பது தெரியும். ரேஷன் அட்டையும் வைத்திருக்கிறார், எந்தப் பொருளும் வாங்காத வகை. அரசிடமிருந்து எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் அரசே ஓர் அட்டை வைத்திருக்கிறது. அதற்கும் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுப் போடவேண்டும்.

தோரோ பெயரைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. 1845இல் அமெரிக்காவில் வால்டன் குளக்கரையில் குடில் போட்டு இரண்டு வருடம் இரண்டு மாதம் வாழ்ந்தவர், வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையில் இருந்தவர் என்பார். அந்த நிலம் நண்பர் எமர்சனுடையது என்பதையும், வேறு யாரோ வரியைக் கட்டிவிட்டதால்தான் தோரோ மறுநாள் வெளியே வந்தார் என்பதையும் சொல்வதில்லை. இங்கும் பட்டா மனைவி பெயரில். வீட்டு வரியை மைத்துனர் கட்டி, ரசீதை வாட்ஸப்பில் அனுப்புகிறார். குருவை இவ்வளவு நுணுக்கமாகப் பின்பற்றும் சீடர் கிடைப்பது அரிது.

அரசை விட்டு விலகியவருக்கு அதைவிடக் கண்டிப்பான எஜமானர்கள் வாய்த்திருக்கிறார்கள்: கூடத்து மூலையில் நாலு சோலார் பேட்டரி. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். நாலும் நிரம்பியிருந்தால் ஏட்டுக் கணக்கில் ஏழு யூனிட் சொச்சம். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்குக் கிடைப்பது மூன்றரை. எழுந்ததும் பல் துலக்குமுன் மீட்டரைப் பார்ப்பார். 12.5 என்றால் மனைவியிடம் இனிமையாகப் பேசுவார். 12.2க்கு வந்துவிட்டால் மிக்ஸி கிடையாது, அம்மியின் பெருமையை எடுத்துரைப்பார். அரைப்பது அவரல்ல. அந்த வீட்டில் மாவாட்ட நல்ல நேரம் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை. ராகுகாலம் பார்த்த பரம்பரைதானே, பழகிக்கொண்டார்கள். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்தால், விருந்தாளி செல்போனுக்குச் சார்ஜ் போடுவதும் குற்றம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட்டை இலவசமாகவும் விடுகிறது. இவர் அரை மணிக்கொருமுறை கணக்கெடுக்கிறார். சலுகை கிடையாது.

மழைநீர்த் தொட்டியைக் காட்டும்போது குரலில் கலகம் ஏறும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பை 2003இல் ஜெயலலிதா அரசு கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அதற்கென்று வைத்த குழாய் எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்த ஆணைக்கு உள்ளன்போடு கீழ்ப்படிந்த வீடு சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான்.

மாசி பிறந்தால் தொட்டி காலி. அப்புறம் தண்ணீர் அடுத்த தோட்டத்துப் பெரியவரின் கிணற்றிலிருந்து, ஆயில் இன்ஜின் புகையோடு வரும். 1990இல் கருணாநிதி ஆட்சி எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரத்தை இலவசமாக்கியது. பெரியவரும் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார், இன்னும் நிற்கிறார். 2021இல் ஒரு லட்சம் புதிய இணைப்பு என்று அறிவித்தபோது, சலவை வேட்டி கட்டிக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்குப் போய்வந்தார். பெயர் வரவில்லை. டீசல் விலையைத் திட்டிக்கொண்டே, கம்பம் வராத காட்டில் வெள்ளாமை செய்கிறார். அதற்குத் தற்சார்பு என்று பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“ஏனுங் தம்பி, கரண்டு வேண்டாம்னு நெசமாத்தான் சொல்றீங்களா?”

“வேண்டாங்கய்யா. கம்பம் வந்தாப் பின்னாலயே அரசாங்கமும் வந்துரும்.”

“வரட்டுமுங்களே. நானும் இத்தன வருசமா அதைத்தான கூப்பிட்டுட்டு இருக்கறேன்.”

மணி பதினொன்று. உள்ளே கிரைண்டர் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே மனைவியின் குரல் வந்தது.

“ஐயா, நான் எம்பேர்ல தட்கல்ல பணங் கட்டிட்டேனுங்க. அஞ்சு ஹெச்பி மோட்டாருக்கு, ரெண்டரை லட்சம். வீட்டுக்கும் தனியா ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கறேன்.”

நம்மவர் மீட்டரைப் பார்க்க எழுந்து போனார்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அப்பக் கம்பம் நம்ம வரப்பு மேலதான வரோணும், அம்மிணி?”