மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும்: ஒரு வட்டார ஆய்வு

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முகத்தைப் படமெடுப்பது பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய நூல்களில், நான் புரட்டியவரை, ஒரு பெருங்குறை உண்டு. எதிலும் கொசு இல்லை. தஞ்சோங் காராங் வயக்காட்டு ஓரத்தில் ஒரு நாள் அந்தியில் உட்கார்ந்தவர் இப்பிழையைச் செய்யமாட்டார். அதைத் திருத்துவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் கணக்கு. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி ஏறக்குறைய ஒரு கேண்டெலா. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும். அரை மீட்டரில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் வர்த்தியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் சித்தப்பாவுக்கு. ஆகவே எங்கள் ஆல்பத்தில் சித்தப்பா வெறும் பல்வரிசையாகவே இடம்பெறுகிறார். அத்தைக்கே, ஏ.எஸ்.ஏ. 100 ஃபிலிமில் எஃப் 2 லென்ஸை முழுக்கத் திறந்தாலும், இரண்டு மூன்று வினாடி வேண்டும். அதுவரை அவர் அசையக் கூடாது. கொசு நுழைவது இங்கேதான்.

ஸ்டான்லி குப்ரிக் ‘பாரி லிண்டன்’ (1975) படத்துக்கு, நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைப் பிடித்து, மெழுகுவர்த்திகளை மட்டும் நம்பிக் காட்சிகள் எடுத்தார். ஃபோகஸ் மெல்லிய இழைதான். நடிகர்கள் தலையை முன்னே பின்னே ஆட்ட முடியாது. லென்ஸின் வெற்றி என்று அறிஞர்கள் மெச்சுகிறார்கள். பக்கத்தில் தாலி ஆயர் வாய்க்கால் ஓடவில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் விளக்கேந்திய பெண் ஓவியம் இருக்கிறதே என்று சிலர் எதிர்வாதம் செய்வார்கள். அதை ரவிவர்மா வரைந்தார் என்றும் சேர்த்தே சொல்வார்கள். அவர் 1906-இல் காலமாகிவிட்டார். 1940-களில் தம் மகளை நிற்க வைத்து அதை வரைந்தவர் ஹல்தங்கர். எப்படியும் ஓவியம் இங்கே சான்றாகாது. தூரிகைக்கு ஷட்டர் கிடையாது. நிற்பவர் நடுவில் சொறிந்துகொள்ளலாம்.

இனிக் களத்தரவு. 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை சாயங்காலம் தீபகற்ப மலேசியா முழுக்கக் கரண்டு போனது. எங்கள் லயத்து வாசலில் மைலோ டின்னைக் கவிழ்த்து, நாலு சொட்டு மெழுகு ஊற்றி, ஆறுவதற்குள் வர்த்தியை நட்டோம். பிஸ்கட் டின் மூடியை எதிர்ப்பக்கம் பிடித்தால் இருண்ட கன்னத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகும். வர்த்தியைத் தாடைக்குக் கீழே மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் அத்தைக்கு முனியாண்டி வந்துவிடும்.

“ஆடாதீங்க அத்தே!”

“நான் எங்கடா ஆடுறேன்? கொசுவப் போய்ச் சொல்லு.”

கழுவி வந்த படத்தில் அத்தைக்கு மூன்று கை. மூன்றாவது, கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது.

கொசுவர்த்தி கொளுத்திப் பார்த்தோம். கொசு குறைந்தது, ஆனால் புகை லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் படங்களில் எல்லாருமே பழைய சினிமாக் கனவுக் காட்சியில் வருவதுபோல் மங்கலாக, அழகாக இருக்கிறார்கள். கடைக்காரர் பாதியைப் பிரிண்ட் போடவே இல்லை. கெட்டுப்போனவை என்று நினைத்துவிட்டார்.

சற்றுத் தெற்கே, கம்போங் குவாந்தானில், நிலைமை தலைகீழ். பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் தாமே ஒளி தருகின்றன. படகில் போகும் மனிதர்கள் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. ஒரே மாவட்டம்தான். அங்கே பூச்சிக்காக நாம் அடங்கி உட்காருகிறோம். இங்கே எந்தப் பூச்சியும் நமக்காக அடங்குவதில்லை.

இன்றைய போன் இருட்டில் தானாகவே நைட் மோடுக்குப் போய், மூன்று வினாடி அசையாதீர்கள் என்கிறது. அதாவது விஞ்ஞானம் சுற்றி வந்து அத்தையிடமே நிற்கிறது. போதாததற்கு, மெழுகுவர்த்தியின் 1,900 கெல்வின் மஞ்சளைக் குறை என்றெண்ணி வெளுத்தும் விடுகிறது.

1996 சுருளில் தெளிவாக வந்தது ஒன்றே ஒன்று, பாட்டியின் படம். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கொசுக்கடி அவருக்கு ஒரு பொருட்டல்ல. மூன்று வினாடியும் இமைக்காமல் உட்கார்ந்தார். நெற்றியில், திருநீற்றுக்கு மேலே குடித்துக்கொண்டிருந்த கொசுவும் அசையவில்லை. இருவரும் ஃபோகஸில் இருக்கிறார்கள்.