மத்ததெல்லாம் தயார், பாட்டுதான் பாக்கி

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. வேலைய விட்டுட்டு சுயாதீன இசைக் கலைஞன் ஆயிட்டியாமே? உங்கப்பன் தலையில கைய வச்சுக்கிட்டுத் திரியுறான். "ஏண்டா கலங்குற, பிள்ளைதான் எல்லா ஏற்பாடும் பண்ணிட்டான்ல"ன்னு நான்தான் தேத்தி அனுப்பினேன். மைக் வாங்கியாச்சு. சுவர் பூரா ஸ்பாஞ்சு ஒட்டியாச்சு. அப்பன் ஆத்தா வச்ச பேரப் பாதியா வெட்டியாச்சு. கண்ண மூடிக்கிட்டே வானத்தப் பாக்குற போட்டோவும் எடுத்தாச்சு. போஸ்டர்ல "விரைவில்"னும் போட்டாச்சு. பாட்டு ஒண்ணுதான் பாக்கி. அதுக்கென்ன அவசரம்? மெதுவா எழுதிக்கலாம்.

"சினிமாவுல மாதிரி எனக்கு மேல யாரும் இல்ல தாத்தா"ங்கிற. ரொம்ப நல்லது. அங்க பெரும்பாலும் மெட்டு முதல்ல வந்துரும். தன்னானேன்னு பாடிக் குடுப்பாக, அந்த அளவுக்குள்ள கவிஞர் சொல்ல உக்கார வைக்கணும். டைரக்டர் ஒரு வரிய அடிப்பாரு, இசையமைப்பாளர் ஒரு வரிய அடிப்பாரு, அதுக்கப்பறமும் தப்பிச்சு நிக்குறதுதான் பாட்டு. உனக்கு அடிக்க ஆள் இல்ல. அதனால நீ எழுதின அம்புட்டும் பாட்டுக்குள்ளயே கிடக்கு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959ல கண்ண மூடுறப்ப வயசு 29. அம்புட்டுக் கெடுபிடிக்குள்ள நின்னு எழுதினதத்தான் ஊர் இன்னைக்கும் பாடிக்கிட்டு இருக்கு. உனக்கு இப்ப என்ன வயசு? சரி விடு, கேக்கல.

சுயாதீனம்னா ஏதோ நேத்து இறங்குன சரக்குன்னு நெனைக்காத. பண்ணைபுரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளக் கூட்டிக்கிட்டு, ஆர்மோனியத்தத் தூக்கிக்கிட்டு, ஊர் ஊராக் கம்யூனிஸ்ட் கட்சி மேடையில பாடுனாரே, அவருக்கு எந்தக் கம்பெனி முன்பணம் குடுத்துச்சு? அந்தத் தம்பிகள்ல ஒருத்தர்தான் 1976ல 'அன்னக்கிளி'க்கு இசை போட்ட இளையராஜா. இன்குலாப் எழுதுன 'மனுசங்கடா' பாட்ட கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாப் பாடுனாரு. கேட்ட சனம் அதத் தன் வாயில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போச்சு. சூட்சுமம் அங்கதான் இருக்கு. உன் வாயிலயே இருக்குற வரைக்கும் அது உன் புலம்பல். அடுத்தவன் வாய்க்குப் போனாத்தான் பாட்டு.

போறதுக்கு நீ வழி விடணும்ல? அன்னைக்கு ஒண்ணு போட்டுக் காட்டுன. 'மலை'ன்னு எழுதியிருக்க. மெட்டு அந்த எடத்துல நீளுது, நீயும் கூடவே நீட்டிட்ட. எனக்கு 'மாலை'ன்னு விழுந்துச்சு. சாயங்காலத்து மேல ஏறி நின்னு பிள்ள கூப்புடுறானே, பெரிய கற்பனைதான்னு மெய்மறந்து போனேன். தமிழ்ல குறில இழுத்தா அர்த்தம் இடம் மாறிப் போகும்யா. மெட்டு நீளுற எடத்துல நெடில வையி. இல்ல, மெட்டக் குறுக்கு. மெட்டும் உன்னுது, சொல்லும் உன்னுது. ரெண்டையும் பேசி ராசியாக்குற வசதி சினிமாக் கவிஞருக்குக் கூட லேசுல கிடைக்காது. நீ அத மட்டும் தொடவே இல்ல.

குரல் உச்சத்துக்குப் போற எடத்துல வாயத் தொறக்குற 'ஆ'காரம் வர்ற சொல்லாப் பாரு. அங்க போயி 'துக்கத்துக்குட்பட்டு'ன்னு எழுதி வச்சா, பாட வந்த பிள்ள பல்லு பேந்துரும். மூச்சு விடுற எடத்துல சொல்லு முடியட்டும். சொல்ல ரெண்டா முறிச்சு நடுவுல மூச்சு வாங்குனா, உனக்கு என்னமோ சீக்குன்னு நெனச்சு மருந்து சொல்ல வந்துருவாக.

வரிக் கடைசியில ஓசை ஒத்து வந்தாப் போதும்னு உனக்கு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். அதான் காதலே, மோதலே, சாதலே, கூடவே ஒரு வேலையும் இல்லாம ஆதலே. எதுகையும் மோனையும் வரியோட தலைமாட்டுல நிக்குற சமாச்சாரம். முதல் எழுத்தோ ரெண்டாம் எழுத்தோ ஒத்து வந்தா அடுத்த வரி தன்னால நாக்குக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைக நடவு முடியுற வரைக்கும் பாடுனது நோட்டப் பாத்து இல்ல.

ஏத்தம் இறைச்சவன் ஒருத்தன் பாட்டப் பாதியில விட்டுட்டு வீட்டுக்குப் போக, அடுத்த அடி என்னவா இருக்கும்னு கம்பரே ராத்திரி பூராத் தூங்காமக் கிடந்தாருன்னு ஒரு கதை சொல்லுவாக. உன் பாட்டப் பாதியில நிறுத்துனா எவனாச்சும் தூக்கம் கெட்டுக் கிடப்பானா? அப்பத்தான் நிம்மதியாத் தூங்குவான்.

எதப் பத்தி எழுதன்னு தெரியலயா? 2021ல உலகமெல்லாம் கேட்ட 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு, அத எழுதிப் பாடுன அறிவு சங்கதி எங்க எடுத்தாரு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல பாடுபட்ட தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையிலருந்து. நீயோ உங்க அப்பத்தா கூப்புட்டா ஹெட்போன மாட்டிக்கிட்டு உள்ள போயி 'வேர்களைத் தேடி'ன்னு பாட்டு எழுதுற. வேர் வாசல்ல உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டு இருக்கு.

அதே பாட்டுல வர வேண்டிய காசு எங்க கைக்கு வந்து சேரலன்னு 2024ல அதத் தயாரிச்ச சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாச் சொன்னாரு. அம்புட்டுப் பேர் கேட்ட பாட்டுக்கே அந்தக் கதி. ஆகையால சிநேகிதனுக சேந்து பாட்டுப் போட்டா, அண்ணந் தம்பி காணியப் பிரிக்கிற மாதிரி அன்னைக்கே எழுதி வச்சுருங்க: சொல்லு யாரு, மெட்டு யாரு, யாருக்கு எம்புட்டுப் பங்குன்னு. பாட்டு ஓடாத வரைக்கும் எல்லாரும் உசிர்ச் சிநேகிதந்தான். எழுதுனவனும் மெட்டமைச்சவனும் ராயல்டியில தன் சமப் பங்க விட்டுக் குடுக்கவே முடியாதுன்னு 2012லயே சட்டத்தத் திருத்திட்டாக. அத வசூல் பண்ணித் தர ஐ.பி.ஆர்.எஸ்.னு ஒரு சங்கம் 1969லருந்து இருக்கு. ஸ்பாஞ்சு வாங்குன ஆர்வத்துல பாதி இருந்தா அதுல போய்ச் சேந்துரு.

ஸ்பாட்டிஃபைல 30 வினாடி ஓடுனாத்தான் ஒரு தடவ கேட்டதாக் கணக்காமே? 2024லருந்து, ஒரு பாட்ட வருசத்துல 1000 தடவையாச்சும் கேக்கலன்னா காசே இல்லையாமே? கவலப்படாத. கணக்குல குறைஞ்சா என் போன்லயும் ஓட விடுறேன், சொந்தக்காரன் எதுக்கு இருக்கேன்? 30 வினாடி உனக்காகக் கேப்பேன். 31வது வினாடியிலயும் நான் நிறுத்தலன்னா, நீ பாட்டு எழுதிட்டன்னு வச்சுக்க.