கொழுந்துராயர்

“டீ சாப்பிடுறீங்களா?” என்ற கேள்விக்கு நம்மூரில் இரண்டே பதில்கள்தான் புழக்கத்தில் இருந்தன. ஒன்று, “ம்”. இன்னொன்று, “இப்பத்தான் ஆச்சு”. மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தவர் கொழுந்துராயர். “என்ன டீ?” என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் திகைத்துப்போய், “டீதான் சார்... பால் ஊத்தி, தூள் போட்டு...” என்று இழுப்பார். ராயர் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டுவார். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. இரங்கல்.

பெயர் நான் வைத்தது. ஆள் எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இருக்கிறார். உங்கள் பிளாக்கில் இல்லையென்றால் அடுத்த பிளாக்கில் விசாரியுங்கள். பிறவியிலேயே இப்படி வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பது வயது வரை அலுவலக வாசல் கடையில், ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜியும் மறு கையில் கண்ணாடி கிளாஸுமாக நின்றவர்தான். பிறகு ஒரு நாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. சர்க்கரையை நிறுத்துங்கள், பாலைக் குறையுங்கள் என்றார் டாக்டர். நீங்களும் நானுமாக இருந்தால் வீட்டில் கேட்டுக்கொண்டு வெளியில் மீறியிருப்போம். ராயர் வைத்தியத்தை ரசனையாக மாற்றிக்கொண்டார். “பாலும் சர்க்கரையும் தேயிலைக்கு நாம செய்யற துரோகம்” என்று அவர் பேசத் தொடங்கியது அந்த ரிப்போர்ட் வந்த அதே வாரத்தில்தான் என்பது அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் வீட்டுச் சமையலறையில் மளிகை அலமாரியின் நடுத்தட்டு இப்போது தேயிலைக்கு. டார்ஜிலிங் முதல் பறிப்பு, டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு, அசாம், குன்னூரில் பனிக்காலத்தில் கிள்ளிய கொழுந்து, சீனத்து மல்லிகை, ஜப்பானியப் பச்சை என்று காற்றுப் புகாத டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் தேதி போட்ட சீட்டு. முன்பு அந்தத் தட்டில் குடியிருந்த பெருங்காயம், சாம்பார் பொடி, ரசப்பொடி மூன்றும் வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டன. “தேயிலை பக்கத்துல என்ன வாசனை இருந்தாலும் உறிஞ்சிடும்மா” என்று அறிவியல் காரணம் சொன்னார். காரணம் உண்மைதான். ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது பெருங்காயத்துக்காகப் பால்கனிக்கு ஓடுவது யார்? அந்த அம்மாள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

டீ போடுவது அங்கே ஒரு வைபவம். டிகிரி காட்டும் மின்கெட்டில் ஒன்று, கிராம் காட்டும் தராசு ஒன்று, நிமிடம் காட்டக் கைபேசி. பச்சைத் தேயிலைக்குத் தண்ணீர் எண்பது டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கசப்பெல்லாம் இறங்கிவிடும். அவருடைய அம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். “தளதளன்னு கொதிக்காத தண்ணியைக் குடிச்சா வயித்துக்கு ஆகாதுடா” என்பார். இந்த விவகாரத்தில் இரண்டு தலைமுறையும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

யாராவது அவர் முறையைக் குறை சொன்னால் ராயர் ஐஎஸ்ஓ 3103-ஐ எடுப்பார். கேலி இல்லை, அப்படி ஒரு சர்வதேசத் தரக்குறிப்பு 1980-இல் நிஜமாகவே வந்தது. நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் தேயிலை, கொதிநீர், ஆறு நிமிடம், பீங்கான் பாத்திரம். அதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரக்குறிப்புக்கு, ‘டீ போடுவது எப்படி’ என்று ஆறு பக்கம் எழுதியதைப் பாராட்டி, 1999-இல் இலக்கியத்துக்கான இக்நோபல் என்ற கேலிப் பரிசையே கொடுத்துவிட்டார்கள். அந்தக் குறிப்பு ருசியான டீக்காக எழுதப்பட்டதே அல்ல. உலகத்தில் எங்கே யார் போட்டாலும் ஒரே மாதிரி வரவேண்டும், அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும் என்பதற்காக எழுதப்பட்டது. அதனால்தான் ராயருக்கு அது வேதம். ருசி அவருக்கு இரண்டாம்பட்சம், ஒப்பீடு முதல்பட்சம்.

மனிதரிடம் உள்ள ஒரே கோளாறும் அதுதான். எந்த டீயையும் அந்த டீயாகக் குடிக்கத் தெரியாது. டார்ஜிலிங்கை வாயில் வைத்துக்கொண்டு குன்னூரைப் பேசுவார். குன்னூருக்குப் போனால் டார்ஜிலிங்கைப் பேசுவார். ஸ்ரீநகரில் குங்குமப்பூவும் பாதாமும் மிதக்க ஒரு கோப்பை கஹ்வா கையில் வந்தபோது கோழிக்கோட்டு சுலைமானியில் எலுமிச்சை பிழிகிற பக்குவத்தைச் சிலாகித்தாராம். கோழிக்கோட்டில் சுலைமானி வந்ததும், “என்ன இருந்தாலும் அந்தக் குங்குமப்பூ...” என்று ஆரம்பித்தாராம். மனைவிதான் சொன்னார். “இவர் எப்பவும் பக்கத்து மேஜை டீயைத்தாங்க குடிக்கிறார்.”

ஊட்டிக்குக் குடும்பத்தோடு போய்வந்த கதையும் அதே ரகம். பிள்ளைகள் ரயிலைப் பார்த்தார்கள், பூங்காவைப் பார்த்தார்கள். ராயர் தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பார்த்தார். நாம் கடையில் குடிக்கிற தூள் டீ சிடிசி முறையில் வருவது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுணையாக்குவார்கள். 1930-களில் அசாமில் பிறந்த உபாயம். சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், விலையும் கட்டுப்படியாகும். கோடிக்கணக்கானவர்களின் காலைப்பொழுது அதில்தான் விடிகிறது. ராயர் மட்டும், “நசுக்கறான் சார், கிழிக்கறான் சார், சுருட்டறான் சார்” என்று கொலைவழக்கில் சாட்சி சொல்கிற குரலில் ஊர் திரும்பியதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மலைக் கடைகளில் விற்கிற சாக்லேட் டீயைப் பற்றிய அவர் கருத்தை இங்கே அச்சிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சபை கூடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர். போகாமல் இருக்க முடியாது, லிஃப்டில் பார்த்துவிடுவார். சின்னச் சின்ன வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. முதலில் ராயர் ஒரு கரண்டியில் எடுத்து ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சிக் காட்டுவார். அதிலும் தப்பில்லை. குன்னூரில் 1963-இலிருந்து நடக்கும் தேயிலை ஏலத்துக்காகச் சுவை பார்க்கிறவர்களும் அப்படித்தான் உறிஞ்சுவார்கள். காற்றோடு சேர்த்து இழுத்தால் திரவம் நாக்கு முழுக்கச் சிதறி வாசனை மூக்குக்கு ஏறும். ஆனால் அவர்கள் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளை உறிஞ்சித் துப்புகிறவர்கள். ராயர் துப்புவதில்லை. கிலோ விலையைக் கேட்டால் நாமும் துப்ப மாட்டோம். உறிஞ்சினால் அம்மாவிடம் குட்டு வாங்கி வளர்ந்த ஜனங்கள் நாங்கள், அதனால் எங்களுக்குச் சத்தம் வராது. “காத்து உள்ள போகலையே” என்று குறைப்பட்டுக்கொள்வார்.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. “என்ன தெரியுது?”

இதற்கு எங்களுக்குள் ஒரு விடை பழகிப்போயிற்று. “கடைசியில லேசா ஒரு இனிப்பு வருது சார்.” எந்த டீக்கும் பொருந்தும். ராயர் முகம் மலர்ந்துவிடும்.

அவருடைய அம்மாவிடம் மட்டும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது, உள்ளதைச் சொல்லிவிடுவார். ஒரு வாரம் எர்ல் கிரே. 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சார்ல்ஸ் கிரேயின் பெயரால் வழங்குவது, இத்தாலியின் கலாப்ரியா பக்கத்தில் விளைகிற பெர்கமாட் என்ற பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெய் சேர்த்தது என்று ராயர் கால் மணி நேரம் முன்னுரை கொடுத்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “நார்த்தங்கா தோலைக் கிள்ளினா வருமே, அது” என்றார். ராயர் சங்கடத்தில் நெளிந்தார். பெர்கமாட்டும் அந்தக் குடும்பத்துப் பழம்தானே! “பிரதமர் வீட்டுல நார்த்தங்கா மரம் இருந்திருக்கும்” என்று அம்மாவே சரித்திரத்தையும் முடித்துவைத்தார்.

இன்னொரு வாரம் லாப்சாங் சூசாங். சீனத்தில் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில், பைன் விறகின் புகையில் உலர்த்திய தேயிலை. ஒரு சின்னப் பொட்டலத்துக்கு அவர் கொடுத்த விலையில் ஒரு வீட்டுக்கு மாத மளிகையில் பாதி வந்துவிடும். “எங்க வீட்டுல விறகடுப்பு வெந்நீர் இதே வாசனைதான் வரும். இதுக்காகத்தானே கேஸ் அடுப்பு வாங்கினோம்” என்றார் அம்மா. அப்புறம் வறுத்த அரிசி கலந்த ஜப்பானிய கென்மைச்சா வந்தது. கோப்பையைக் கையில் வாங்கும்போதே, “பொரி” என்றார். குடிக்கக்கூட இல்லை.

என் கட்சி அம்மா கட்சி. அந்தக் காலத்து மூக்கு அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்தே பழசா புதுசா என்று சொன்ன மூக்கு. தெரிந்ததை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிள்ளைக்கு அதே மூக்குதான் வாய்த்திருக்கிறது, போய்விடத்தான் தெரியவில்லை.

சங்குப்பூ வந்த வாரத்தில் குழந்தைகள் எல்லாம் ஆஜர். நீல நிறத் தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சை விழுந்ததும் ஊதாவாக மாற, ஏகக் கைதட்டல். ருசி என்று சொல்லிக்கொள்ள அதில் ஏதும் இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ராயருக்கு உள்ளூர வருத்தம். பச்சையோ, கறுப்போ, வெள்ளையோ, ஊலாங்கோ, எல்லாம் ஒரே தேயிலைச் செடியின் இலைகள். சங்குப்பூவும் செம்பருத்தியும் ஆவாரம்பூவும் அவர் கணக்கில் கஷாய ஜாதி. கைதட்டல் கஷாயத்துக்குப் போய்விட்டதே!

மல்லிகை டீயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் மனைவி என்னை விட மாட்டார். சீனத்து ஃபூஜோவில் பகலில் பறித்த மல்லிகை மொட்டுகளை இரவில் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். மொட்டு விரிய விரிய வாசனையை இலை உள்ளிழுத்துக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு மறுபடி புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள். இதைப் படித்த ராயருக்கு, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி நம்மிடம் இருக்கும்போது சீனன் எதற்கு என்று தேசபக்தி பொங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு முழம் வாங்கிவந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காமல் பூ வந்தது அதுவே முதல் தடவை. அந்த அம்மாள் கண்ணாடி முன்னால் போய் நின்று பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் நூலைப் பிரித்துப் பூவைத் தேயிலை டப்பாவுக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது டீயா, கல்யாண மண்டபத்து வரவேற்பு மேஜைப் பன்னீரா என்று எங்களுக்குள் கருத்து வேற்றுமை. மனைவி அன்று சபைக்கே வரவில்லை.

இந்த மனிதரை ஒரு நாளாவது மட்டம் தட்டிப் பார்க்க வேண்டும் என்ற நியாயமான ஆசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அவர் மகனே ஏற்பாடு செய்தான். அப்பாவின் கண்ணைக் கட்டிக் கோப்பைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பது, நடுவே முக்குக்கடைத் தூளில் போட்ட கட்டஞ்சாயா ஒன்றையும் நுழைப்பது. எப்போதும் வராதவர்கள்கூட அன்று வந்திருந்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். முதல் கோப்பை: “அசாம்.” சரி. இரண்டாவது: “நம்ம குன்னூர், டிசம்பருக்கு அப்புறம் பறிச்சது.” சரி. மூன்றாவது கடைத்தூள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். “இது முக்குக்கடைத் தூள். ஆனா தண்ணியை ரெண்டு தடவை கொதிக்கவெச்சிருக்கான். டேய், உண்மையைச் சொல்லு.” மகன் தலையைக் குனிந்தான். அத்தனையும் சரி. கட்டை அவிழ்த்தபோது எங்கள் முகங்களில் அவர் பார்த்தது பிரமிப்பு என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அப்பட்டமான ஏமாற்றம் அது.

அதற்குப் பிறகு அவருடைய நாக்கைக் குறை சொல்ல எங்களுக்கு வழியில்லை, பேச்சை மட்டும்தான் சொல்ல முடிகிறது. அதையும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முக்குக்கடையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். “அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை பாதி.” “லைட், ஆத்தாம குடுங்க.” “இஞ்சி தட்டிப் போட்டு, பால் தூக்கலா.” “எனக்கு மேல டிகாஷன் விடுங்க.” ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு, ஒன்று பிசகினாலும் முகம் சுளிப்பார்கள். மாஸ்டர் ஒன்றையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. தினமும் வருகிறவன் சைக்கிளை நிறுத்தும்போதே அவனுக்குரிய கிளாஸ் தயாராகிவிடும். ராயர் தராசும் கைபேசியும் வைத்துக்கொண்டு செய்கிறதை அந்த மனிதர் இடுப்பில் துண்டோடு, பஜ்ஜி எண்ணெயையும் பார்த்துக்கொண்டே செய்கிறார். இதை ராயரிடமே ஒரு தடவை சொன்னேன். யோசித்துவிட்டு, “இருக்கலாம். ஆனா அவர் துணி வடிகட்டியை மாத்தணும்” என்றார்.

தாராள மனசுக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். சபை முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டாயம். எங்கள் வீடுகளில் அவை என்ன ஆயின என்பது வேறு கதை. மல்லிகை டீயைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தவர்கள் உண்டு. புகை டீயைக் கொசுவுக்குப் போட்டுப் பார்த்தவரும் உண்டு. பிரிக்காத பொட்டலங்கள் தீபாவளி சோன்பப்டிப் பெட்டிகளின் வழியில் வீடு விட்டு வீடு போய்க்கொண்டிருந்தன. அப்படி ஒன்று போன நவராத்திரியில், கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காய், மஞ்சள், குங்குமத்தோடு அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

வெள்ளைத் தேயிலை, விலை உயர்ந்தது. அவர் கைப்பட எழுதிய தேதிச் சீட்டுகூட இருந்ததாம். மனைவிக்குப் படபடப்பு, மனிதர் நொந்துவிடப் போகிறாரே என்று. ராயர் பிரித்தார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். முகத்தில் ஒரு ஒளி. அன்று சாயங்காலமே, ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடக் காத்திராமல், எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இது நான் குடுத்ததுதான். யார் வீட்டுலயோ எட்டொன்பது மாசம் மளிகை அலமாரியில இருந்திருக்கு. பக்கத்துலயே பெருங்காயம், அதுவும் கட்டிப் பெருங்காயம், தூள் இல்ல. எப்படி உள்ள இறங்கியிருக்கு பாருங்க! சீனாவுலகூட இது கிடையாது சார்!”

கோப்பைகள் வந்தன. நாங்கள் உறிஞ்சினோம். பழக்கத்தில், “கடைசியில லேசா ஒரு இனிப்பு...” என்று ஒருவர் தொடங்கி, பாதியில் இருமினார்.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மருமகளிடம் நீட்டினார். “இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கொண்டாம்மா. இருக்கற சாதத்துக்குச் சரியா இருக்கும்.”

மருமகள் நிஜமாகவே எழுந்து போனார், பெருங்காய டப்பாவைப் பால்கனியிலிருந்து எடுத்துவந்து பழைய தட்டில் வைக்க.