பெசிக்டிகுங் அண்ணன்

ஜெர்மனியின் எர்லாங்கனில் நாலு தமிழர் கூடினால் அதில் ஒருவர் வீடு பார்த்துக்கொண்டிருப்பவராக இருப்பார். வாங்குகிறவர் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற ஜாதகம் வேறு, வாங்குகிற ஜாதகம் வேறு. விற்பனைக்கு வந்த வீட்டைச் சுற்றிக்காட்ட மாக்லர், அதாவது புரோக்கர், குறித்துக்கொடுக்கும் நேரத்துக்கு இங்கே பெசிக்டிகுங் என்று பெயர். சனிக்கிழமை தவறாமல் அதற்கு ஆஜராகிவிடுவதால் நம்மவர் இளவட்டங்களின் வாயில் பெசிக்டிகுங் அண்ணன் ஆகிவிட்டார். சீமென்ஸையோ பல்கலைக்கழகத்தையோ நம்பி வந்தவர். "இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்குக் கிளம்பிடணும்" என்று வந்திறங்கிய புதிதில் சொன்னதை இன்றும் அதே உறுதியோடு சொல்வார். ஊருக்குப் போகிறவருக்கு எதற்குச் சொந்த வீடு என்று வாடகை வீட்டில் இருக்கிறார். ஊருக்குப் போனால் முதலீடாக இருக்கட்டுமே என்று வீடும் பார்க்கிறார்.

அவர் வீடு பார்க்கும் அழகைக் கூடப் போய்த்தான் பார்க்கவேண்டும். செருப்பை வாசலில் விடுவார். மாக்லர் பதறி, "பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாருங்கள்" என்பார். அண்ணன் காதில் வாங்கமாட்டார். பையிலிருந்து போனை எடுத்து உள்ளங்கையில் வைத்து, திசைகாட்டி நிதானத்துக்கு வரும்வரை கூடத்தின் நட்டநடுவில் அசையாமல் நிற்பார். வரிசையில் நிற்கும் ஜெர்மன் தம்பதி ஏதோ கதிர்வீச்சு அளக்கிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடும். அடுத்து விரல் மடக்கிச் சுவரைத் தட்டுதல். அடுத்து குழாயைத் திறந்து மூடுதல். பால்கனியில் வெயில் விழும் இடத்தைப் பார்த்து வடாம் காயுமா என்று ஒரு கணக்கு. கடைசியாகக் கெல்லர் என்னும் நிலவறைக்கு இறங்கி மூக்கை உறிஞ்சுவார். ஈரவாடை இருக்கிறதா என்று பார்க்கிறார் என மாக்லர் மெச்சிக்கொள்வார். அண்ணன் அளப்பது இருபது கிலோ அரிசி மூட்டை எத்தனை அடுக்கலாம் என்பதை.

இதற்குள் மாமனார் வீடியோவில் வந்திருப்பார். "ஈசானிய மூலைல என்ன மாப்ளே இருக்கு?" டாய்லெட் இருக்கும். இந்த ஊரில் ஈசானியத்துக்கும் டாய்லெட்டுக்கும் அப்படியொரு பொருத்தம். அக்னி மூலையில் படுக்கையறை, அடுப்பு வாயுவில். தப்பித்தவறி எல்லாம் சரியாக அமைந்த ஒரு வீடு ப்ரூக் பேட்டைப் பக்கம் வந்தபோது எதிர்த்தெரு நேரே வாசலில் வந்து முட்டியது. தெருக்குத்து! ஊராக இருந்தால் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்துவிட்டுக் குடிபோய்விடலாம். இங்கே நடைபாதையில் பிள்ளையார் வைக்க எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று அண்ணன் மாக்லரிடமே கேட்டார். மாக்லர் அதையும் குறித்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

வாஸ்து தப்பினாலும் பேட்டை தப்பாது. ரோதெல்ஹைம் பார்க் அமெரிக்கப் படை முகாமாக இருந்த இடம். 1994இல் அவர்கள் கிளம்பிப்போன பிறகு எழுந்த குடியிருப்பு. "ராணுவ பூமி, விலையும் பீரங்கி மாதிரி" என்று தள்ளிவிடுவார். ப்யூஹன்பாஹ் கால்வாய்க்கு அந்தப் பக்கம். பெர்க் என்னும் குன்றின் அடிவாரத்தில் ஒன்று அமைந்தது. ஆனால் 1755 முதல் அங்கே பெந்தெகொஸ்தே சமயத்தில் பன்னிரண்டு நாள் பீர் திருவிழா. "குடிச்சவன் அத்தனை பேரும் நம்ம வாசல்லதான் வந்து நிப்பான்." பக்கத்து ஊரான ஹெர்ட்ஸோகென்அவுராஹுக்கு ரயில் இல்லை. நியூரம்பெர்கிலிருந்து எர்லாங்கன் வழியாக அங்கே டிராம் விடும் திட்டத்துக்கு 2024 ஜூனில் எர்லாங்கன் மக்கள் வாக்களித்துச் சம்மதம் சொன்னார்கள். அண்ணனின் கருத்து: "டிராம் வந்தா விலை ஏறிடும், வாங்க முடியாது. வரலேன்னா அந்த ஊர்ல எதுக்கு வாங்கணும்?" இதை மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

பழைய நகரத்தில் அவரோடு நடப்பது தனி அனுபவம். 1685இல் பிரெஞ்சு அரசன் புராட்டஸ்டண்டுகளின் உரிமையைப் பறித்ததும் ஹூகெனோக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள்; மறுவருஷமே அவர்களுக்காக மார்கிரேவ் கிறிஸ்டியான் எர்ன்ஸ்ட் இங்கே நூல் பிடித்தாற்போல் ஒரு புதுநகரம் கட்டத் தொடங்கினார். ஹூகெனோ சதுக்கத்தில் நின்று அண்ணன் பெருமூச்சு விடுவார். "பார்த்தீங்களா? அவனுக்கு ப்ளூ கார்டு கிடையாது, ஷூஃபா கடன் அறிக்கை கிடையாது, மூணு மாச சம்பளச் சீட்டு கிடையாது. வந்ததும் வீதி போட்டுக் குடுத்திருக்கான்." அந்த வீடுகளில் ஒன்று விலைக்கு வந்தால் வாங்குவாரா? மாட்டார். புராதனச் சின்னமென்று பட்டியலில் உள்ள வீட்டில் ஜன்னலை மாற்றுவதற்கும் அனுமதி கேட்கவேண்டும்.

பணக்கணக்கில்தான் அண்ணனின் மேதைமை முழுதாக வெளிப்படும். நாலு லட்சம் யூரோ வீடு என்று வையுங்கள். பவேரியாவில் கிரய வரி 3.5 சதவீதம், ஜெர்மனியிலேயே இதுதான் குறைவு. பத்திரம் முடிக்கும் நோட்டாருக்கும் குருண்ட்புக் என்னும் நிலப்பதிவேட்டுக்கும் ஏறக்குறைய 2. மாக்லர் கமிஷன் வாங்குபவர் பங்குக்கு இந்தப் பக்கம் வழக்கமாக 3.57; 2020 டிசம்பருக்குப் பிறகு, மாக்லரை விற்பவர் அமர்த்தியிருந்தால் அவர் குறைந்தது பாதியை ஏற்கவேண்டும் என்று சட்டம். கூட்டினால் சுமார் 36,000 யூரோ. "ஒரு செங்கல்கூட வராத காசு!" என்று அண்ணன் கொதிப்பார்.

ஒருநாள் அண்ணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "ஏங்க, மொத்தம் ஒன்பது பர்சென்ட்தானே வருது? நம்மூர்லயும் முத்திரைத்தாள் ஏழு, பதிவு ரெண்டு, ஒன்பதுதானே?" என்றார்.

"அங்க கைட்லைன் மதிப்புக்குக் கட்டுறோம். இங்க வாங்குற விலைக்கே கட்டணும்கிறான்!"

அண்ணி மேற்கொண்டு பேசவில்லை, வெண்டைக்காயைத் தொடர்ந்தார். 2023 ஏப்ரல் முதல் வீட்டுவிலையை ரொக்கமாகக் கொடுப்பதையும் இங்கே தடைசெய்துவிட்டார்கள் என்பது அண்ணனின் மனத்தை மேலும் நோகடித்த செய்தி. பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம் என்று நாம் அலைவதையெல்லாம் ஒரே குருண்ட்புக்கில் போட்டுவைத்திருக்கிறார்களே என்று அவருக்கு மகிழ்ச்சி வரவேண்டும். சந்தேகம்தான் வந்தது. "இவ்வளவு சுத்தமா இருந்தா எங்கயோ இடிக்குதே?"

வீட்டுக்கடன் வட்டியிலும் இதே கதை. 2021இல் பத்தாண்டு நிலைவட்டி ஒரு சதவீதத்தை ஒட்டிக் கிடந்தது. "இன்னும் இறங்கும், பொறுங்க" என்றார். 2022 முடிவதற்குள் மூன்றரையைத் தாண்டியது. "இது நிக்காது, பொறுங்க" என்றார். அவரை நம்பிப் பொறுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை எழுதாமல் விட்டால் நியாயமாகாது.

இந்த வகை அண்ணன்மார்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் குடியிருந்த ஃப்ளாட்டையே வீட்டுக்காரப் பாட்டி விற்க முடிவுசெய்தார். இங்கே வீடு கைமாறினாலும் குடித்தனம் கலையாது. வாடகை ஒப்பந்தம் அப்படியே புது உரிமையாளர் தலையில் ஏறும். வாங்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடவேண்டியது மட்டும் குடியிருப்பவர் பொறுப்பு. எத்தனையோ சனிக்கிழமை அடுத்தவர் வீட்டில் சுவர் தட்டியவருக்கு, இப்போது தன் வீட்டுச் சுவரை அடுத்தவர் தட்டுவதைப் பார்க்கும் யோகம். சும்மா இருப்பாரா? வந்தவர்களுக்கெல்லாம் வடக்குச் சுவரின் குளிர், கொதிகலனின் வயது, அடுக்ககப் பராமரிப்பு நிதியின் மெலிவு எல்லாவற்றையும் விளக்கினார். மாக்லர் அழாத குறை. பாட்டி விலையை இரண்டு முறை இறக்கினார்.

அண்ணனிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தம்பி அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "வாங்கலாமாண்ணா?" "வேண்டாம் தம்பி. இன்னும் இறங்கும்."

தம்பி வீட்டுக்குப் போய் ஈமெயில் போட்டான். பத்திர வரைவு இரண்டு வாரம் முன்னதாகவே கைக்கு வந்தது. குறித்த நாளில் நோட்டார் பத்திரம் முழுவதையும் வரிவிடாமல் உரக்க வாசித்தார். கிரகப்பிரவேசத்தில் சாஸ்திரிகள் மந்திரம் சொல்லும்போது நாம் ஆட்டுவதுபோலத் தம்பி தலையாட்டினான். கையெழுத்து, கைகுலுக்கல், முடிந்தது. பால் காய்ச்சத்தான் வழியில்லை. அடுப்பு அண்ணனுடையது.

இப்போது மாதாமாதம் மூன்றாம் வேலைநாளுக்குள் அண்ணன் வாடகையைத் தம்பி கணக்குக்கு அனுப்புகிறார். தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். கல்யாணமானால் சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. எட்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தவருக்கு ஒன்பது மாத அவகாசம். அண்ணன் அதைக் கணக்கிட்டுவிட்டு மறுபடி சனிக்கிழமைகளில் கிளம்பிவிட்டார்.

எர்லாங்கனில் வீடு வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் அண்ணனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைப்போல் வீடு பார்க்கத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன வீட்டை அன்று மாலையே பேசி முடித்துவிடுங்கள்.