பழைய பெயர், புது இன்ஜின்

கேள்வி: போன்டியாக் ஜி.டி.ஓ. 2004 மாடலாகத் திரும்பி வந்தபோது அமெரிக்க கார் பிரியர்கள் ஏன் இரண்டு கட்சியானார்கள்?

பதில்: பெயர் அமெரிக்காவுடையது, பிறந்த வீடு ஆஸ்திரேலியா! ஹோல்டன் மொனாரோவுக்கே ஜி.டி.ஓ. என்று பெயர் சூட்டி அனுப்பியது ஜெனரல் மோட்டார்ஸ். 1964-இல் வந்த மூத்தவரின் மிடுக்கு முகத்தில் இல்லையே என்று ஒரு கட்சி புலம்பியது. பெட்ரோல் டேங்கைப் பின்சீட்டுக்குப் பின்னால் ஏற்றியதில் டிக்கியும் சுருங்கிப்போனது.

மறு கட்சி பானெட்டைத் திறந்து காட்டியது. உள்ளே கார்வெட்டில் ஓடிய 5.7 லிட்டர் வி8, 350 குதிரைத்திறன்! 2005-இல் அது 6 லிட்டராகி 400-ஐத் தொட்டது. பானெட்டில் காற்றுத் துளைகளும் வந்ததில் முகவாட்டம் கொஞ்சம் தீர்ந்தது.

ஓட்டிப் பார்த்தால் இரண்டாம் கட்சிக்குத்தான் ஓட்டு. ஆனால் விற்பனை சூடுபிடிக்கவில்லை. 2006-உடன் உற்பத்தி நின்றது.