வால் சொந்தம், சத்தம் இரவல்

சீண்டினால் சாரைப் பாம்பு வால் நுனியைக் கிடுகிடுவென ஆட்டும். பல்லில் நஞ்சு இல்லாத பிராணிக்கு அந்த வால்தான் வக்கீல். அந்தச் சத்தத்தைச் சாரையின் கணக்கில் வரவு வைப்பது பிழை என்பதே இவ்வாய்வின் கட்சி. ஆட்டம் அதனுடையது, சத்தம் தரையுடையது. சான்று தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. தேரிக்காட்டில் காய்ந்து கிடக்கும் காவோலை மேல் வால் பட்டால் ஓலைக் கூரையில் கோடை மழை விழுந்த மாதிரி சடசடக்கும். உப்பளத்து ஈர வரப்பில் அதே வால் அதே வேகத்தில் ஆடட்டும், ஊமைப்படம்தான். சங்கு குளித்துப் பிழைத்த கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை: மூச்சு ஊதுகிறவனுடையது, முழக்கம் சங்கினுடையது. மணப்பாட்டுப் பக்கம் ஓலை முடைகிறவர்களும் இதை அறிவார்கள். பிள்ளைக்குக் கிலுகிலுப்பை செய்ய மனிதனும் கடைசியில் பனை ஓலையிடம்தானே போனான்?

அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் கதை வேறு. தோலுரிக்கும்போதெல்லாம் அதன் வாலில் ஒரு வளையம் கூடும். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். அது சொந்த வீட்டுக்காரன், சாரை வாடகைக் குடி. அப்படியானால் குடியிருப்பவன் வீட்டுக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்கிறானா என்று கேட்பார்கள். நடுவில் பெருங்கடல் கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 56 இனப் பாம்புகளைச் சீண்டிப் படம் பிடித்தார்கள். (ஆய்வு என்று பெயரிட்டால் சீண்டலுக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.) கிலுகிலுப்பைப் பாம்புக்கு நெருங்கிய உறவு எதுவோ, அதன் வாலாட்டமும் அதைப் போலவே இருந்தது. ஆட்டம் முந்தியது, கிலுகிலுப்பை பிந்தியது என்பதற்கு இது நல்ல சாட்சி. சரி, நம்மூர்ச் சுருட்டை விரியனைப் பார்த்துச் சாரை கற்றிருக்கலாமே? சுருட்டை உடலை மடித்துச் செதிலோடு செதிலை உரசி அரம் தேய்ப்பதுபோல் ஒலி எழுப்பும். நிஜமான நஞ்சுள்ள அது வாலை நம்பவே இல்லை.

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்ற பழமொழியை எதிர்க்கட்சி இழுக்கும்: அது காற்றின் சலசலப்பாம், ஆகவே சத்தம் ஆட்டுகிறவனுடையதாம். காற்று என்று பழமொழியில் எங்கே இருக்கிறது? ஓலை சலசலத்தது, நரி அசையவில்லை, அவ்வளவுதான் பதிவு. சத்தம் போடுவது ஓலை என்று நரிக்குத் தெரிந்திருக்கிறது. சாரைக்கு வாலில் விஷம் என்று நம்பும் நமக்குத்தான் தெரியவில்லை. வாலிலும் கிடையாது, பல்லிலும் கிடையாது.

கொல்லையில் சடசடப்பு கேட்டால் கம்பைத் தேடாதீர்கள். எந்தப் பாம்பென்று தெரியாதவரை தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையை அடிப்பதும் குற்றம், பிடித்து வளர்ப்பதும் குற்றம். ஓலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாம்பு போன பிறகு தாராளமாகக் கூட்டிப் பெருக்கலாம்.