கரையில் ஓடும் கடல் இஞ்சின்

மன்னார்த் தீவின் கரையோர ஊர்களில் ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பேசாலையில் என்றால் 'மெசின் அண்ணன்', எருக்கலம்பிட்டியில் என்றால் 'மெசின் நானா'. தொழில் கடல். பொழுதுபோக்கு, அடுத்தவர் கைகழுவிவிட்ட மரம் அரியும் மெசினை அடிமாட்டு விலைக்கு வாங்கி உயிர் கொடுப்பது. புதுசு வாங்கக் காசில்லை என்று நினைக்க வேண்டாம். "காசிருந்தா ஆருக்கும் புதுசு வாங்க ஏலும்" என்பது அவர் கட்சி. அதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது?

மெசின் வருகிற கோலமே தனி. மேல்மூடி இருக்காது. கைப்பிடி வலைக்கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஜெர்மன் பெயர் ஒட்டியிருக்கும், மறுபக்கம் சீன எழுத்து எட்டிப்பார்க்கும். "நேற்றும் ஓடினது அண்ணன்" என்பான் விற்கிறவன். ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டார்ட் ஆனால் விலை ஏறிவிடும், ஆகாவிட்டால் அவனுக்கு வெட்கம். இரண்டும் வேண்டாமென்று சுமந்து வந்துவிடுவார்.

பிறகு வேப்பமரத்தடி. இளைஞர்கள் முறைவைத்துக் கயிறு இழுக்க, பெரியவர்கள் வருத்தம் சொல்வார்கள். "கரண்ட் அடிக்கேல்ல." "பெற்றோல் ஏறேல்ல." "கண்ணூறு." மன்னார் நகரத் தெருக்களில் திரிகிற கழுதைகளில் ஒன்று அந்தப் பக்கம் வந்தால் அதுவும் நின்று பார்க்கும். கருத்துச் சொல்லாத ஒரே பார்வையாளர் அதுதான்.

அண்ணன் அவசரப்பட மாட்டார். கயிற்றின் பிடியைப் பிடித்து மெசினை அந்தரத்தில் தொங்கவிடுவார். கயிறு விறுவிறென்று அவிழ்ந்து மெசின் நிலத்துக்கு வந்தால் கொம்பிறசன் போய்விட்டது. ஒரு தவணை இறங்கி, நின்று, மறுபடி இறங்கினால் இன்னும் மூச்சிருக்கிறது. அளக்கும் கருவி இல்லாத ஊரில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. அடுத்து சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக ரோர்ச் அடித்து பிஸ்டனைப் பார்ப்பார். பளபளப்பாக இருந்தால் சரி. மேலும் கீழுமாகக் கீறல் கோடுகள் இருந்தால், முன்பு வைத்திருந்தவன் ஒயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறான். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்பு வரவில்லை. காய்ந்திருந்தால் நெருப்புக்கு வேலையில்லை, பெற்றோல்தான் வரவில்லை. நெருப்பு வராவிட்டால் மக்னெற்றில் ஏறிய உப்புக்காற்றுத் துருவை எமரித்தாளால் தேய்த்து, கொயிலுக்கும் அதற்கும் நடுவே விசிட்டிங் கார்ட் ஒன்றைச் செருகி இடைவெளி வைப்பார். ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், கம்பெனிக்காரன் சொல்லும் அதே அளவு.

இவ்வளவும் அவர் படித்தது கடலில். படகின் பின்னால் பூட்டுகிற இஞ்சினும் டூ ஸ்ட்ரோக், இதுவும் டூ ஸ்ட்ரோக். அந்தப் படிப்பு சில சமயம் அற்புதம் செய்யும். ஐந்து நிமிடம் நன்றாக ஓடி மூச்சடைத்து நிற்கிற மெசின் ஒன்று வந்தது. எல்லாரும் காபரேற்றரைக் குற்றம் சொல்ல, அவர் போய்ப் பெற்றோல் மூடியைச் சற்றுத் தளர்த்தினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது, மெசின் ஓடியது. படகுத் தாங்கியின் மூடியில் காற்றுத் திருகைத் திறக்க மறந்து நடுக்கடலில் நின்றவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே படிப்புதான் மெசினைக் கொல்வதும். முதன்முறை காபரேற்றரைத் திறந்தபோது மிதப்பைத் தேடினார். இல்லை. "மிதப்பைக் கழட்டி வித்துப்போட்டான் கள்ளன்!" என்று விற்றவனின் பரம்பரையையே இழுத்தார். படகு இஞ்சின் நிமிர்ந்தே நிற்கும், அதற்கு மிதப்பு போதும். மரம் அரிகிறவன் மெசினைச் சரிப்பான், கவிழ்ப்பான். ஆகவே மிதப்புக்குப் பதிலாக இதில் ஒரு மெல்லிய டயபிரம். பழைய பெற்றோல் கிடந்து அது காய்ந்து விறைத்தால் மெசின் எழும்பாது. மாற்றச் செலவு சொற்பம். ஆனால் இல்லாத மிதப்பைத் தேடியே அந்தக் கிழமை போயிற்று.

வேலை முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர். கடல் இஞ்சினுக்குள் உப்புநீர் ஓடுகிறது, அதைக் கழுவத்தான் வேண்டும். மரம் அரியும் மெசினைக் குளிர்த்துவது மக்னெற்றின் இறகுகள் வீசும் காற்று. சிலிண்டர்ச் செதில்களில் அடைந்த மரத்தூளைத் தூரிகையால் தட்டினால் போதும். தண்ணீர் ஊற்றினால் தூள் களியாகி இறுகும், மிச்சம் துருவாகும். இதை அவரிடம் சொல்ல ஊரில் ஆளில்லை.

ஒயில் விஷயம் இன்னும் மோசம். ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் போதும் என்கிற மெசின்கள் உண்டு, 40 கேட்கிற மலிவு மெசின்களும் உண்டு. அண்ணனுக்கு இரண்டும் கஞ்சத்தனம். படகு ஒயிலைக் கண்ணளவில் ஊற்றுவார். படகு இஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று, அதுவும் தண்ணீர்க் குளிர்ச்சியில். இது பன்னிரண்டாயிரம் வரை, வெறுங்காற்றில். அந்தச் சூட்டுக்கு ஒயிலே வேறு. அதோடு ஒயில் கூடினால் கலவையில் பெற்றோல் குறையும், சைலன்சர் கரியால் அடைக்கும். அடைத்தால் இழுவை போகும். போன இழுவையைத் தேடி அவர் காபரேற்றர்த் திருகைப் பூட்டுவார். பூட்டப் பூட்டச் சத்தம் கீச்சிடும். "இப்பதான் பாடுது!" என்று எல்லாரும் மகிழ்வார்கள். உள்ளே பிஸ்டன் கீறுபடுவது அந்தப் பாட்டில் கேட்காது.

மண்ணெண்ணெய்ப் பரிசோதனையும் நடந்தது. கடலில் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம்தானே. மெசின் புகைத்தது, இருமியது, நின்றது. அவர் விடவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியதோடு ஆராய்ச்சி தானாக முடிந்தது.

எல்லாம் சரிவந்து ஓடினாலும் மரம் பனை. வெளியே கறுத்த வைரம், உள்ளே சோறு. முதலில் செயின் அலறும், பிறகு திடீரென்று உள்ளே விழும். அடிமரம் மணலில் கிடந்தால், மணலைத் தொட்ட மறுகணமே கூர் போயிற்று. யுத்தகாலச் சன்னம் புதைந்த மரமென்றால் பல்லே போயிற்று. கூரான செயின் சீவல் தள்ளும், மழுங்கியது மாவரைக்கும். ஒருமுறை சீவலும் இல்லை மாவும் இல்லை, வெறும் புகை. கொயில் மாறியது, பிளக் மாறியது, டயபிரமும் மாறியது. கடைசியில் பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருவன், "மாமா, பல்லெல்லாம் பின்பக்கம் பாக்குது" என்றான். செயின் தலைகீழாகப் பூட்டியிருந்தது. "தெரியும்" என்றார் அண்ணன். "இறுக்கம் பாக்கத்தான் அப்படிப் போட்டனான்."

இதனால் அவர் மதிப்புக் குறையவில்லை. 2020 டிசம்பரில் புரேவிப் புயல் வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு இறங்கியது போன்ற நாட்களில், பாதையில் மரம் விழுந்தால் முதலில் தேடுவது அவரைத்தான். இருபது இழுவையில் எழும்பும் மெசின் என்றாலும் எழும்புகிறதே.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. 2019இல் நாடு முழுவதும் மரம் அரியும் மெசின்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். அண்ணனும் தோளில் சுமந்து போனார். அடிப்பெட்டி ஒரு மெசினுடையது, சிலிண்டர் இன்னொன்றுடையது, கயிறு இழுக்கும் பெட்டி புல்வெட்டும் மெசினிலிருந்து வந்தது. நம்பர் இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் பொருந்தவில்லை. எதை எழுதுவது என்று பேனையோடு நிமிர்ந்தார் உத்தியோகத்தர்.

"சிலிண்டர் நம்பரப் போடுங்கோ சேர்" என்றார் அண்ணன். "மற்றது வாற மாசம் மாறும்."